பயாஸில் நான் மாற்றிய ஒரு வரி

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, ஹால்ல டிவியோட சேத்து வைக்க ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போறேன். சாமான் எல்லாம் வந்துருச்சு. பூட்டுறதுக்கு முன்னாடி பயாஸ்ல என்னென்ன பாக்கணும், சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாய். அடுப்பில் குழம்பு கொதிக்குது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பேகம்பூரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லப் போனால் கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது போனில் வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நிவேதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உன்னைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றாலும் அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதான், அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவும் இல்லை.

முதலில் நீ கேட்டது. எதையும் பெட்டிக்குள் வைத்துத் திருகிவிடாதே. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வை. பிராசசர், அதன் தலையில் ஃபேன், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை. இம்புட்டுதான். டிவியில் வயரைச் செருகி ஆன் செய். விண்டோஸ் எதுவும் போடுவதற்கு முன்னால் மதர்போர்டு தானாகக் காட்டுகிற அந்தத் திரை, அதுதான் பயாஸ், வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டாலும் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், கழற்றாமலே தேடலாம். திரை வந்ததும் உடனே எதையும் மாற்றாதே. பக்கம் பக்கமாகப் போய் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள். அதற்குப் பிறகு தேதியும் நேரமும் சரியா என்று பார். பயாஸுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தால் இந்தக் கட்டத்திலேயே ஏற்றிவிடு. யூபிஎஸ் இருந்தால் மட்டும் ஏற்று. உங்கள் பக்கம் கரண்ட் அவ்வளவாகப் போகாது என்பாய். போகிற ஒரு தடவை அந்த நேரத்தில் போனால் போர்டு செத்துவிடும். அப்படி ஒன்றை நான் கொன்றிருக்கிறேன். ஒரு டியூஷன் சென்டர்காரருடையது. அவரிடம் உண்மையைச் சொல்லி, வேறு போர்டு வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அவர் இன்றைக்கும் நம்மிடம்தான் வருகிறார். வெளியாளிடம் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

ராம் வேகம் பெட்டியில் அச்சடித்திருக்கிறபடி தானாக வராது. அதற்கு ஒரு வரி இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார். இடையில் நின்று போனால் திரும்ப ஆஃப் செய்துவிடு, படம் பார்க்க அந்த வேகம் தேவையே இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடவில்லை என்றாய். அப்படியானால் பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸையே முதலாவதாகத் தேர்ந்தெடு. அதற்கு ஒதுக்குகிற மெமரியைக் கொஞ்சம் கூட்டு. டிவி வயர் வழியாகச் சத்தம் போக வேண்டும் என்பதால் ஆடியோ வரியை ஆஃப் செய்துவிடாதே. பயாஸுக்குக் கடவுச்சொல் வைக்காதே. வைத்தே ஆக வேண்டும் என்றால் நிவேதாவுக்கும் சொல்லிவிடு. புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில் படம் பார்க்க முடியாமல் கடைக்கு வந்து நிற்கிற பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி வருவது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உன் அப்பா ஒட்டன்சத்திரம் லாரி புக்கிங் ஆபீஸில் படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாரே, அப்போது நீ கோயம்புத்தூரில் வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று மாதம் ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். அவருக்காக டிவிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி வைத்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று பயாஸில் ஒரு வரி உண்டு. மனிதர் எழுந்து போய் சுவிட்சை அமுக்க முடியாதே என்று, தானாகவே ஆன் ஆகட்டும் என வைத்தேன். ஆன் ஆனதும் விட்ட இடத்திலிருந்து படம் ஓடும்படியும் செய்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணசந்த நேரத்தில் கரண்ட் போய் வந்தது. ஸ்பீக்கரில் சண்டைக் காட்சி. நான் கடையில் இருந்தேன். அவரிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, வீட்டுக்குள்ள யாரோ கதவ ஒடைக்கிறாய்ங்க!" ஸ்பீக்கரில் கதவு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்த வரியை ஆஃபிலேயே வைத்துவிடு. அதற்குப் பதில் ரிமோட்டில் அமுக்கினால் எழுந்திருக்கும்படி வை. யூஎஸ்பியிலிருந்து எழுப்புகிற வரியை ஆன் செய்தால் மட்டும் போதாது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற இன்னொரு வரி ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்ய வேண்டும். அது ஆனில் இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்ததும், யூஎஸ்பியில் செருகியிருக்கிற ரிமோட் குமிழுக்குப் போகிற கரண்டையும் சேர்த்து நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. நாலு நாளும் உன் அப்பா ரிமோட்டை அமுக்கி அமுக்கி, "இதுக்கு நம்ம பழைய டிவியே தேவல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஃபேன். ஹாலில் வைக்கிற கம்ப்யூட்டரில் சத்தம் வரக்கூடாது. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பயாஸிலேயே ஒரு கோடு வரைந்து வைக்கலாம். படம் மட்டும் ஓடும்போது மெதுவாகச் சுற்றட்டும், சூடு ஏறினால் மட்டும் வேகம் பிடிக்கட்டும். ஒரேயடியாக நிறுத்திவிடாதே. ஒவ்வொரு புள்ளியாக மாற்றி, மாற்றியதை எழுதி வைத்துக்கொண்டே போ. பிடிக்காமல் போனால், எல்லா வரியையும் கம்பெனி அனுப்பிய நிலைக்கே கொண்டுபோகிற, 'எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு' என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிற அந்த வரியை மட்டும் அமுக்காதே.

அதை அமுக்கியவள் நான்தான். உன் கம்ப்யூட்டரில்.

நீ அப்போது காலேஜில் மூன்றாவது வருஷம். லீவில் வந்து, அப்பா ஆபீஸில் பதிவாகிற காய்கறி லாரியில் டிரைவர் முருகேசனோடு ஏறிக் கேரளாவுக்குப் போய் வந்தாய். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. தக்காளி ஏற்றுகிறதையும், செக்போஸ்டில் காத்துக்கிடக்கிறதையும், முருகேசன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தன் மகளைப் பற்றிப் பேசுகிறதையும் கேமராவில் எடுத்தாய். கேமரா அட்டை நிறைந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அட்டையை அழித்துவிட்டு மறுபடி போவாய். எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. நாற்பது நிமிஷப் படமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாய். படிப்பு முடிந்ததும் படம் எடுக்கிற படிப்புக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, அவரும் "பாப்போம்" என்று சொல்லியிருந்தார். உன் அப்பாவின் அகராதியில் அது சரி என்று அர்த்தம்.

பரீட்சைக்காக நீ ஹாஸ்டலுக்குப் போன வாரம், ஏதோ வேலை முடியட்டும் என்று கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போயிருந்தாய். ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. "அத செத்த கொறச்சு விடேன், நியூஸ் கேக்க முடியல" என்றார் அப்பா. நீ ஓடவிட்டிருந்த வேலை முடிந்துவிட்டதைப் பார்த்து, அணைத்து, பயாஸுக்குள் போனேன். ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். திருப்தியாக இல்லை. இன்னும் இரண்டு மூன்று வரிகளை மாற்றினேன். எதை மாற்றினேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. சரி, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்போம் என்று அந்த வரியை அமுக்கினேன். பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. விண்டோஸ் இல்லை என்றது. டிஸ்க் இரண்டையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று தாறுமாறான அளவைக் காட்டியது, படிக்க முடியவில்லை. இன்னொன்று ஒன்றுமே எழுதாத புது டிஸ்க் போலத் தெரிந்தது. முதல் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். நீ வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டராவது ஓட வேண்டும் என்று அவசரம். வெற்றாகத் தெரிந்த இன்னொரு டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். வெளியாள் ஒருவர் டிஸ்க்கைக் கொண்டு வந்திருந்தால், அவரைக் கேட்காமல் அழித்திருக்க மாட்டேன். உனக்கு ஒரு போன் கூடப் போடவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ வந்து பையை இறக்குவதற்கு முன்பே சொன்னேன். "அப்பு, டிஸ்க் போயிருச்சுப்பா. ராவும் பகலுமா ஓட்டுனதுல சூடாயிருச்சு." நான் பயாஸுக்குள் போனதைச் சொல்லவில்லை. நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். பிறகு, "ரெண்டு டிஸ்க்கையும் சேத்து ஒண்ணாப் போட்டிருந்தேம்மா, வேகமா இருக்கட்டும்னு. அதுல ஒண்ணு போனாலும் ரெண்டும் போயிரும். தெரிஞ்சேதான் போட்டேன். காப்பி எடுத்து வச்சிருக்கணும்" என்றாய். நீ சொன்னதும் எனக்கு உள்ளே ஏதோ இடறியது. அதை நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டதால் என் மேல் பேச்சு வரவில்லை, எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. "எடுக்க முடியும்னா நான் எடுத்துக் குடுத்திருக்க மாட்டனா?" என்று வேறு கேட்டேன். நீ தலையாட்டினாய். அம்மா பார்த்துவிட்டு இல்லை என்றால் இல்லைதான் என்று உனக்கு.

ஆறு மாதம் கழித்து, கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதர்போர்டில் இருக்கிற வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்து, பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போயிருந்தது. விண்டோஸ் இல்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று தாறுமாறான அளவு, இன்னொன்று வெற்று டிஸ்க். உன் டிஸ்க்குகளும் இப்படித்தான் காட்டின. "டிஸ்க் ரெண்டும் சேந்துதாங்க்கா இருக்கும், அந்த ரெய்டுன்னு ஒண்ணு வருமே, அத ஆன் பண்ணிக் குடுங்க" என்றார் அவர், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே. டிஸ்க்குகளைத் திரும்ப மாட்டி, பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றினேன். கம்ப்யூட்டர் எழுந்தது. அவருடைய கல்யாணங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் டிஸ்க் போகவில்லை. இரண்டும் நன்றாக இருந்தன. நான் பயாஸைப் பழையபடி ஆக்கியதும் சேர்த்து வைத்திருந்த டிஸ்க் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன, அவ்வளவுதான். ஒரு வரியைத் திருப்பி வைத்திருந்தால் உன் படம் இருந்திருக்கும். நான் அதன் மேல் விண்டோஸை எழுதி அழித்தேன். கெட்டுப் போனது என்று நான் உனக்குக் காட்டிய டிஸ்க் அதன் பிறகு நம் கடை பில் கம்ப்யூட்டரில் எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் நீ லீவுக்கு வருவாய், நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். வந்தாய். கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது, படம் எடுக்கிற படிப்பெல்லாம் வேண்டாம் என்று சொன்னாய். அப்பா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் தள்ளிப்போடுவதே பழக்கமாகிவிட்டது. வருஷம் போகப் போக, தப்பு செய்ததை விட இத்தனை நாள் மறைத்ததைச் சொல்வதுதான் கஷ்டமாகிவிட்டது. இதை நீ அறிவுரையாக எடுத்துக்கொண்டாலும் சரி. நிவேதாவிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் முதல் நாளே சொல்லிவிடு. அன்றைக்கு ஒரு சண்டையோடு முடிந்துபோகும்.

உன் கல்யாணத்தில் முருகேசன் வந்திருந்தார். சர்க்கரையில் கண் மங்கி லாரியை விட்டுவிட்டு, இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, நம்ம லாரிப் படம் என்னாச்சுங்க? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்றார். நான் பின்னால் தாம்பூலத் தட்டோடு நின்றிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அது போச்சுண்ணே. என் தப்புதான். அம்மா எம்புட்டோ பாத்துச்சு, முடியல."

கல்யாண வீடு என்பதால் நான் அழுததை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் அப்பாவோடு ஒட்டன்சத்திரம் போய், அவர் ஆபீஸில் இருந்த நேரத்தில் முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கு முன் வேறு யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவர் தராசுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையை நகர்த்தி என்னை உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னங்க்கா ஆகுது? எனக்குப் படம் வரலைன்னா போகுதுங்க, நான் போன ரோடு எனக்குத் தெரியும். தம்பி தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குது பாருங்க, அதச் சரி பண்ணுங்க" என்றார். சரி என்று வந்தேன். வந்தும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. பதினைந்து நாளைக்கு முன்னால் நிவேதா போனில், "அத்தை, இவர் பீரோல நல்ல கேமரா ஒண்ணு துணியில சுத்தி வச்சிருக்காரு. எடுங்களேன்னா, எனக்கு அது ராசி இல்லங்கிறாரு. ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியலம்மா என்றேன். அவளிடமும் பொய்.

மூன்று நாளைக்கு முன்னால் உன் அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்தினார். "ஃபேன் சத்தத்தக் கொறக்கச் சொன்னது நான்தான" என்றார். "நீங்க சத்தத்தத்தான் சொன்னீங்க. அழிச்சதும் மறச்சதும் நானு" என்றேன். "அவன் என்ன சொல்லுவானோ" என்றார். எனக்கும் தெரியாது.

டிஸ்க் பற்றிய வரியில் நீ செய்ய வேண்டியது இதுதான்: டிவி கம்ப்யூட்டருக்கு ஒரு டிஸ்க் போதும், சேர்த்துப் போடாதே, விண்டோஸ் ஏற்றுவதற்கு முன் அந்த வரி எப்படி இருக்கிறதோ அப்படியே கடைசி வரை இருக்கட்டும். நீ எடுக்கிற எதையும் இரண்டாவதாக ஒரு இடத்தில் வை. நீ எடுக்கிற என்று எழுதிவிட்டேன். எடுப்பாயா மாட்டாயா என்பது உன் இஷ்டம். ராசி இல்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. ராசியால் போகவில்லை, உன் கவனக்குறைவாலும் போகவில்லை.

வருகிற சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் காலை பஸ்ஸில் வாரேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று நிவேதாவிடம் சொல். என்னைப் பார்த்ததும், "விடும்மா, பரவால்ல" என்று சொல்லிவிடுவாய் என்பது எனக்குத் தெரியும், நீ அப்படிப்பட்ட பிள்ளை. தயவுசெய்து சொல்லாதே. கேட்க வேண்டியதையெல்லாம் கேள். கத்த வேண்டும் போல இருந்தால் கத்து. நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.

அம்மா